டோலன் எறிந்த நானூற்றுப் பன்னிரண்டு கெஜம்

இந்த அக்டோபரில் என் மனைவி ஆர்டிஸைப் புள்ளிவிவரத்தால் வீழ்த்துவது என்று முடிவெடுத்தேன். கெஞ்சிப் பார்த்தாயிற்று. கோபித்துப் பார்த்தாயிற்று. இரண்டு நாள் சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன், அவள் கவனிக்கவே இல்லை. மிச்சம் இருந்தது எண்கள் மட்டும்தான்.

வீழ்த்துவது என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை டிவியில் எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணி ஆடும்போது ஆர்டிஸ் என் பக்கத்தில் சோபாவில் வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான். இருபத்தொன்பது வருடம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். காலைத் தூக்கி என் மடியில் போட்டுக்கொள்வாள். போர்வை முழுவதையும் இழுத்துக்கொண்டு என்னைக் குளிரில் விடுவாள். எதிரணிக்காரர்களை அவள் திட்டுகிற திட்டைக் கேட்டால் எங்கள் பாதிரியார் ஊரைவிட்டே போயிருப்பார். அந்தக் காலின் கனத்துக்கு நான் இப்போது ஏங்குகிறேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆண்பிள்ளை மான் வேட்டைக்கு ஏங்கலாம், பெரிய மீனுக்கு ஏங்கலாம். பெண்டாட்டி காலுக்கு ஏங்குகிறான் என்றால் மானம் போய்விடும்.

எல்லாம் அந்த நோட்டுப் புத்தகத்தால் வந்த வினை. காகித ஆலையில் ஓய்வு கொடுத்து அனுப்பியதும் வாங்கினேன். எங்கள் அணியில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் கிப் டோலன் எத்தனை முறை பந்தை எறிந்தான், எத்தனை எறி கூட்டாளியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது, மொத்தம் எத்தனை கெஜ தூரம் என்று எழுத ஆரம்பித்தேன். எழுதியதோடு விட்டேனா? ஒவ்வொரு எறிக்கும் ஆர்டிஸிடம் சத்தமாக வாசித்தேன். மூன்றாவது ஞாயிறு அவள் எழுந்தாள். சமையலறைக்குப் போனாள். வானொலியைத் திருகினாள்.

ஒரே ஆட்டம், நடுவில் ஒரு சுவர். மூன்று வருடமாக இப்படித்தான். இதில் இன்னொரு கொடுமை, வானொலி டிவியைவிடச் சில விநாடி முன்னால் ஓடும். டோலன் இங்கே கையை ஓங்குவதற்குள் அங்கே "அடப்பாவி, கோட்டைவிட்டானே!" என்று அவள் அலறிவிடுவாள். எனக்கென்று சொந்தமாக ஓர் அதிர்ச்சிகூடக் கிடையாது.

"ஆர்டிஸ், ஒரு பந்தயம்" என்றேன்.

"குப்பைத்தொட்டிய வெளிய வச்சாச்சா?"

"வச்சாச்சு. மூணு ஞாயிறு. நம்ம அணி ஜெயிக்குமா தோக்குமான்னு முன்னாடியே சொல்லணும். நான் டோலனோட எறிகணக்க வச்சுச் சொல்றேன். நீ எத வச்சு வேணாலும் சொல்லு."

"நீங்க ஜெயிச்சா?"

"சீசன் முடியிற வரைக்கும் நீ சோபாவுக்கு வரணும்."

"நான் ஜெயிச்சா?"

இதை நான் யோசிக்கவே இல்லை. கையில் நோட்டு வைத்திருப்பவனுக்கு அந்தச் சந்தேகம் ஏன் வரப்போகிறது?

"நோட்ட அடுப்புல போட்டுடறேன்."

"அடுப்புல வேணாங்க, வீடெல்லாம் நாறும். குப்பைல போடுங்க."

முதல் வாரம். அதற்கு முந்தைய ஆட்டத்தில் டோலன் நானூற்றுப் பன்னிரண்டு கெஜம் எறிந்திருந்தான். என் நோட்டின் வரலாற்றிலேயே பெரிய எண். "ஜெயிப்போம்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

ஆர்டிஸ் பாலாடைக்கட்டியை நறுக்கிக்கொண்டே கேட்டாள். "அதுல கடைசிக் கால் மணி நேரத்துல எவ்ளோ?"

நோட்டைப் புரட்டினேன். "இருநூத்தி முப்பது."

"அப்ப தோப்போம்."

தோற்றோம். டோலன் அன்றும் நானூற்றைத் தாண்டினான். அணி தோற்ற துக்கத்திலும் எனக்கு லேசாகப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

இரண்டாவது வாரம் சிகாகோக்காரர்கள் வந்தார்கள். அவர்களுடைய ஆள் அந்த வருடம் எறிவதில் எல்லோருக்கும் மேலே. "தோப்போம்" என்றேன். "ஜெயிப்போம்" என்றாள். கொட்டுகிற மழையில் டோலன் மொத்தமே நூற்றுப் பதினெட்டு கெஜம்தான் எறிந்தான். எங்கள் ஆட்கள் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார்கள், ஓடினார்கள், ஓடிக்கொண்டே இருந்தார்கள். பதினேழு புள்ளி வித்தியாசத்தில் வெற்றி. மூன்றாவது வாரத்தைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

பக்கத்து வீட்டு வெர்ல் இலை வாரிக்கொண்டிருந்தான். வேலியில் சாய்ந்து அவனிடம் புலம்பினேன்.

"எப்படிடா அவளுக்கு மட்டும் சரியா வருது?"

"எனக்கென்னப்பா தெரியும்? சனிக்கிழமையானா உங்க சமையலறை ஜன்னல்கிட்ட வந்து நிப்பேன். யாரு ஜெயிப்பாங்கன்னு ஆர்டிஸ் சொல்றத ஆபீஸ்ல போய்ச் சொல்லுவேன். அங்க என்னை மேதைங்கறாங்க."

"எத்தனை நாளா?"

"மூணு வருஷமா. ஆர்டிஸ் உனக்குச் சொல்லலையா?"

நேராகச் சமையலறைக்குப் போனேன். "எப்படின்னு சொல்லிடு. நோட்டக் குப்பைல போட்டாச்சு, இனிமே என்ன?"

"இதுல என்ன ரகசியம்? புள்ளில முன்னாடி இருக்கிறவன் எதுக்குங்க எறியப்போறான்? பந்த இடுக்கிக்கிட்டு ஓடி நேரத்தக் கடத்துவான். இருபது புள்ளி பின்தங்கினவன்தான் வேற வழியில்லாம எறி எறின்னு எறிவான். எறிஞ்சதால தோக்கலைங்க. தோத்துக்கிட்டு இருக்கிறதால எறியறான். நீங்க அத எழுதி வச்சுக்கிட்டுப் பெருமைப்படறீங்க."

நான் வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை.

"நீங்க மட்டும் என்ன? சோபாவுல மூணு மணி நேரத்துல நானூறு வார்த்தை எறிவீங்க. ஒண்ணாவது என் கைக்கு வந்து சேந்துதா?"

கேலி செய்கிறாள் என்று நினைத்தேன், ஆனால் அவள் கண் கேலி செய்யவில்லை. அந்த நேரத்தில் நோட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"நீ பக்கத்துல இல்லாம பாக்கப் பிடிக்கல, ஆர்டிஸ். ஜெயிச்சாலும் யாரோ ஜெயிச்ச மாதிரி இருக்கு."

காய் நறுக்கிக்கொண்டிருந்த அவள் கத்தி நின்றது.

"சரி" என்றாள். "அடுத்த ஞாயிறு பன்னெண்டு மணிக்கு வந்து உக்கார்றேன். மூணு மணி வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

நான் ஜெயித்துவிட்டேன்! பந்தயத்தில் தோற்று, பரிசை வாங்கிவிட்டேன். அந்த ஒரு வாரம் எனக்கு இருபத்தைந்து வயது. சோபாவைத் தட்டித் துடைத்தேன். முடி வெட்டிக்கொண்டேன். ஞாயிறு காலை வெளியே பனிக்காற்றில் நின்று தொத்திறைச்சி சுட்டேன். பன்னிரண்டடிக்க ஆர்டிஸ் வந்தாள். உட்கார்ந்தாள். காலைத் தூக்கி மடியில் போட்டாள். அதே கனம்.

டிவியைப் போட்டேன். ஏதோ தெற்கத்தி ஊர் அணிகள் இரண்டு மோதிக்கொண்டிருந்தன.

"நம்ம ஆட்டம் எங்க?"

"இன்னைக்கு நமக்கு ஓய்வு ஞாயிறுங்க."

ஒவ்வொரு அணிக்கும் சீசனில் ஒரு ஞாயிறு ஆட்டம் கிடையாது. விஸ்கான்சினில் பிறந்த குழந்தைக்கும் அது என்றைக்கு என்று தெரியும். அந்தத் தேதியைப் பார்த்துத்தான் கல்யாணமே வைப்பார்கள். சந்தோஷத்தில் எனக்குத்தான் மறந்துபோயிருந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"ஃபிரிட்ஜ் கதவுல அட்டவணை ஒட்டியிருக்கு. நீங்க சமையலறைல வந்து உக்காந்தாத்தான தெரியும்?"

"ஆட்டமே இல்லாம எதுக்கு வந்து உக்காந்தே?"

"நீங்க கேட்டது என்னையா, ஆட்டத்தையா?"

டிவியை அவளே அணைத்தாள். "இப்ப பேசுங்க. எண் இல்லாம."

எண் இல்லாமல் எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. கால் ஜில்லென்று இருக்கிறதே என்றேன். உங்கள் கை மட்டும் என்னவாம் என்றாள். அதிலிருந்து எங்கெங்கோ போயிற்று. மூன்று மணி எப்போது ஆனது என்று நான் பார்க்கவில்லை. அவள் போர்வையை மடிக்க ஆரம்பித்ததும் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

"அடுத்த ஞாயிறு?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"அடுத்த ஞாயிறு ஆட்டம் இருக்கே. ஆட்டம்னா நான் அங்கதான்."

"அப்ப நான்?"

"சமையலறை மேசைகிட்ட இன்னொரு நாற்காலி சும்மாதாங்க கிடக்கு."

போனேன். போகாமல் இருப்பேனா? தோளோடு தோள் உட்கார்ந்தேன். ஆட்டம் தொடங்கியது. அவள் ஒரு கத்தியையும், தேவாலய விருந்துக்கென்று மூன்று மூட்டை உருளைக்கிழங்கையும் என் பக்கம் நகர்த்தினாள். உரிக்கிற ஆள் என்று அவள் செப்டம்பரிலேயே தேவாலயத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாளாம், என் பெயரை.