டெக் காக்கா சொன்ன முடிவு

எந்த நாட்டுக்காரன் எந்தப் பாஷையில் படம் எடுத்தாலும் அதைக் கல்முனைத் தமிழில் முடித்துவைக்கத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் தெரு டெக் காக்காதான். ஊருக்கே அண்ணன் முறையில் காக்கா; அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. ஒரு டிவி, ஒரு வீடியோ டெக், ஒரு ஜெனரேட்டர் மூன்றையும் தள்ளுவண்டியில் ஏற்றிப்போய் வீடு வீடாகப் படம் போடுவது தொழில். விளக்கம் சொல்வது வியாதி.

தமிழ்ப் படத்துக்கே தமிழில் விளக்குவார். கதாநாயகன் "அம்மா" என்று அழுதால், "உம்மாவக் கூப்பிர்றான்" என்பார். முத்தக் காட்சி நெருங்கினால், உடுத்திருக்கும் சாரத்தை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு டிவிக்கு முன்னால் நின்று, "இப்ப ரெண்டு பேரும் காணிப் பிரச்சின கதைக்கிறாங்க" என்பார்.

ஒரு பெருநாளுக்கு எங்கள் மாமி வீட்டு முற்றத்தில் கார்ட்டூன் படமொன்று போட்டார். ஜப்பானோ சீனாவோ, அவருக்கும் தெரியாது. வளர்ந்த பெண்ணொருத்தி பிறந்த ஊருக்கு ரயிலில் வருகிறாள். இறங்கியதும், சின்ன வயதில் இருந்த அவளே வந்து கையைப் பிடித்து ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள்.

"பெரியவ கொழும்பில வேல செய்றா. மற்றது தங்கச்சி," என்றார் காக்கா.

"ரெண்டு பேருக்கும் கன்னத்தில ஒரே இடத்தில மறு இரிக்கே?" என்றார் மாமி.

"ஒரு வாப்பாட புள்ளையள் எண்டா இரிக்கும்தானே."

திரையில் வயல் வந்தது. "சம்மாந்துறை வட்டை. வெள்ளாம நல்லா விளைஞ்சிரிக்கி."

எனக்கு அப்போது எட்டு வயது. உம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய், மாதக்கணக்கில் தகவல் இல்லை. என்னைக் கண்டால் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். படத்தில் அந்தச் சின்னப் பெண்ணும் உம்மாவுக்காக ரயில் நிலையத்தில் காத்திருந்தாள். ரயில் வந்து நின்றது. ஜெனரேட்டரும் நின்றது.

"ஜெனரேட்டருக்கு எண்ணெ முடிஞ்சிது. மிச்சத்த நான் சொல்றன்," என்றார் காக்கா.

சொல்லவில்லை, நடித்தார். மாமியின் துவாயைத் தலையில் முக்காடு போட்டு, இரண்டு கையிலும் பெட்டி தூக்குவதுபோல் முற்றத்தைச் சுற்றி நடந்துவந்து, என் முன்னால் குந்தினார்.

"உம்மா வந்திட்டன். சாப்பிட்டீங்களா மகள்?"

முற்றமே விழுந்து விழுந்து சிரித்தது. நான் "இல்ல" என்றேன். மாமி எழும்பிப் போய்ச் சோறு போட்டுக் கொடுத்தார். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் நான் சோற்றுக் கோப்பையைக் காலி செய்தேனாம்.

என் உம்மா அடுத்த வருடம் வந்துசேர்ந்தார்.

போன மாதம் என் மகள் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தால் அதே ரயில், அதே மறு. இம்முறை கீழே தமிழ் எழுத்து ஓடியது. இருவரும் கடைசிவரை பார்த்தோம். ரயிலிலிருந்து யாரும் இறங்கவில்லை. படத்தில் அந்த உம்மா இறந்துபோயிருந்தார். வளர்ந்தவள் அதைச் சின்னவளிடம் மெல்லச் சொல்லி, அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் காக்காவைத் தேடிப் போனேன். வயதாகிவிட்டது, காதும் மந்தம். டிவிச் செய்திக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"காக்கா, அந்தக் கார்ட்டூன் படத்தில உம்மா வரவே இல்லியே?" என்று சத்தமாகக் கேட்டேன்.

டிவியை விட்டு என் பக்கம் திரும்பினார். "ஓம். வரல்ல. நான் முதல்லயே போட்டுப் பாத்த படம்தானே."

"அப்ப ஜெனரேட்டர்ல எண்ணெ முடியல்லியா?"

"பாதி கிடந்திச்சு. நீ முன்னுக்கு வாயத் திறந்துக்கிட்டு இருந்தாய் புள்ள. உன்ட முகத்தப் பாத்தன். நிப்பாட்டிட்டன்."

அவர் டிவி பக்கம் திரும்பிவிட்டார். பாராளுமன்றத்தில் இரண்டு பேர் கைகலக்கப் போனார்கள்.

"அண்ணனும் தம்பியும்," என்றார் காக்கா. "பின்னேரம் ஒண்டாத்தான் சாப்பிடுவாங்க."

நான் நம்பினேன்.