எலும்பு வார்டில் பெல் அடிக்கவில்லை

"ஒரு தடவைகூட அடிக்கலையா?" நர்ஸுகளுக்கு ஆராய்ச்சி வகுப்பு எடுக்கும் மேடம் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"இல்ல மேடம்," என்றாள் எலும்பு முறிவு வார்டின் தலைமை நர்ஸ், பெருமை பிடிபடாமல்.

அவள் எடுத்துக்கொண்ட கேள்வி எளிது. நர்ஸே மணிக்கொரு முறை கட்டில் கட்டிலாகப் போய் விசாரித்தால், நோயாளிகள் பெல் அடிப்பது குறையுமா? குறையும் என்று நிரூபித்தால் வார்டுக்கு இன்னொரு நர்ஸைத் தருவதாக நிர்வாகம் வாக்குக் கொடுத்திருந்தது. இருப்பவர்கள் ஓடி ஓடி, கட்டிலில் கிடப்பவர்களைப் பார்த்துப் பொறாமைப்படும் நிலைக்கு வந்திருந்தார்கள்.

"குறைஞ்சா நம்பலாம். அடியோட நின்னா யார் நம்புவா? ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு வார்டு வேணும்."

"எதிர் வார்டு இருக்கே மேடம். அங்கயும் கை கால் உடைஞ்சவங்கதான்."

எதிர் வார்டில் யாரும் சுற்றி வரவில்லை. அங்கே அடித்த பெல்லில் நர்ஸுகள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். தலையணையைத் திருப்பிப் போட ஒரு பெல். பழையபடி போட இன்னொரு பெல்.

"இது அதைவிட மோசம். ஜோடிச்ச மாதிரி இருக்கு," என்றார் இரண்டு வார்டுக் கணக்கையும் பார்த்த மேடம். "நோயாளிங்ககிட்ட ஏதாவது சொன்னீங்களா?"

"சம்மதம் வாங்கணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? ரெண்டு வார்டுலயும் எல்லாத்தையும் விளக்கித்தான் வாங்கினேன்."

"எல்லாத்தையும்னா?"

"பெல் குறைஞ்சா புது நர்ஸ் குடுப்பாங்கங்கறது வரைக்கும்."

மேடம் தலையில் கை வைத்தார். தலைமை நர்ஸ் அசரவில்லை. "மாத்திப் போட்டுப் பாத்துடலாம் மேடம். அங்க சுத்துவோம், இங்க நிறுத்துவோம். இந்தத் தடவை யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

விடவும் இல்லை. மாற்றிய கொஞ்ச நேரத்தில் எதிர் வார்டு கப்சிப். இவள் வார்டில் பெல்லில் பொறி பறந்தது.

மேடமே நேரில் வந்து கை குலுக்கினார். "சுத்தி வந்தா அடங்குது, நிறுத்தினா அலறுது. இனி ஒருத்தரும் வாய் திறக்க முடியாது!"

"நான்தான் அப்பவே சொன்னேனே மேடம்."

காலைத் தொங்கப்போட்டுக் கட்டியிருந்த லாரி டிரைவர் இன்னொரு முறை பெல்லை அழுத்திவிட்டுச் சிரித்தார்.

"ஒரு வார்த்தை சொல்லாம மாத்திட்டா எப்படி சிஸ்டர்? ஊன்றுகோல்காரரை எதிர் வார்டுக்கு ஓட விட்டு, 'இனிமே நீங்க சும்மா கிடங்க, நாங்க அடிக்கறோம்'னு சொல்றதுக்குள்ள எங்களுக்கு உயிரே போயிடுச்சு!"