கையை விட்டவள்

"கையை விட்டியா இல்லையா? அதைச் சொல்லு முதல்ல!" என்று கத்தினார் அமைச்சர் மூடிநாயகம்.

"விட்டேன்! அரண்மனை பிடிச்சுக் குடுத்த கைதானே? வேர்த்து வழிஞ்சுது, விட்டுட்டேன்!" என்று சொல்லிவிட்டு ஓடினாள் நொச்சி.

கண்ணாடிக் குடுவைக்குள் இருந்தது அந்த நாடு. ஹைட்ரஜன் குடியோ ஆக்சிஜன் குடியோ, அவரவர் குடியில் ஓர் ஆளின் கையைப் பிடித்தே நடக்க வேண்டும் என்பது சட்டம். ஹைட்ரஜன் பெண்ணான நொச்சிக்கோ ஆக்சிஜன் குடித் தழலன்மேல் கண். ஊருக்கே தெரியும், அவள் கையைப் பிடித்திருந்தவளுக்கு மட்டும் தெரியாது. முன்பெல்லாம் கையை விட்டு ஓடுகிறவர்களுக்கு எதிரே ஆள் கிடையாது. நேரே போய்ப் பிசின் பூசிய சுவரில் ஒட்டிக்கொள்வார்கள். அதற்குச் சட்டம் ஒழுங்கு என்று பெயர்.

நொச்சியின் நல்ல காலம், நாடு காலியாகத் தெரிகிறதென்று மன்னர் அடக்கவர்மர் அப்போதுதான் ஆட்களைக் கொண்டுவந்து அடைத்திருந்தார். ஓடியவள் சுவரை எட்டுமுன் ஒரு ஜோடிமேல் மோத, அவர்கள் பிரிந்தார்கள். பிரிந்தவர்கள் வேறு ஜோடிகளைப் பிரித்தார்கள். நாடு சூடேறியது.

"யார் மோதினாலும் நடுவில் ஒரு காவலர் நிற்பார். சூட்டை வாங்கிக்கொண்டு அவர்பாட்டுக்குப் போய்விடுவார்" என்று அறிவித்தார் மூடிநாயகம். நொச்சி தழலனை எட்டிப் பிடித்த நேரம் காவலர் சூட்டை வாங்கிவிட, அவன் ஜோடியைப் பிரிக்கச் சூடு போதவில்லை. தழலன் இன்னும் தன் அரசாங்க ஜோடியின் பிடியிலேயே இருக்க, இவள் ஓரத்தில் தொங்கினாள். வாயடங்கிப்போனாள்.

"பார்த்தீர்களா, திருந்திவிட்டாள்! இன்னும் நெருக்குவோம், மன்னவா. கூட்டம் கூடினால் காவலரும் கூடுவார்கள்" என்றார் மூடிநாயகம்.

நெருக்கினார்கள். சுவர்ப்பக்கம் போகக்கூட இடமில்லை. வாங்கிய சூட்டை இறக்கி வைக்கக் காவலருக்கும் வழியில்லை. வாயடங்கியிருந்த நொச்சி, பக்கத்து ஹைட்ரஜன் ஜோடியிலிருந்த பொன்னியின் கையை மெல்ல இழுத்தாள்.

"வாடி, அந்தப் பக்கம் நீ பிடி."

தழலன் ஜோடியை இரு முனையிலும் இருவர் இழுக்க, வெக்கையில் நடுப்பிடி விட்டது. தழலன் நொச்சியின் பக்கம் வந்து விழுந்தான். அடங்கிக் கிடந்தவர்கள் அத்தனை பேரும் அதையே செய்தார்கள். கண் இமைப்பதற்குள் நாடே ஜோதியாய் எழுந்தது! குடுவையின் மூடி மன்னரோடு பறந்தது. ஒருவர் கையும் அரசாங்கத்தின் பிடியில் இல்லை. அப்படி ஓர் ஆரவாரத்தை அந்தக் கண்ணாடி கேட்டதே இல்லை.

நொச்சி தழலனைக் கட்டிக்கொண்டு, நீராகி, மேகத்தோடு குடிபெயர்ந்தாள். அந்த வீட்டில் இன்னொரு ஹைட்ரஜன் பெண்ணும் உண்டு; ஊர் அதைப் பற்றிப் பேசாமலிருக்க முயல்கிறது. மூடிநாயகம் பக்கத்துக் குடுவைக்கு ஆலோசகராகப் போனார். அங்கே இப்போது பூரண அமைதியாம்.