மேலதிக அரை மணித்தியாலம்

வெள்ளவத்தையில் அரசாங்கப் பள்ளிக்கூடம் ஒன்றில் விசேட கல்விப் பிரிவு என்று ஓர் அறை இருந்தது. அதற்குள் ரமணி ரீச்சரும் பதினோராம் வகுப்பு மிதுனாவும் மட்டுமே இருந்தார்கள். மிதுனா வாசிக்கத் தொடங்கினால் எழுத்துகள் இடம் மாறிக் குதிக்கும். ரீச்சர் ஒரு மட்டையால் மற்ற வரிகளை மூடிவிட்டால், ஒவ்வொரு வரியாக ஊன்றி வாசித்து முடிப்பாள். அம்மா சுபோதினி இதைப் பற்றி வெளியில் மூச்சு விடவில்லை. கேட்பவர்களுக்கு, "வீணை கிளாஸ்."

அப்போதுதான் மேலிடம் பெருங்கருணை கொண்டு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அந்தப் பிரிவுப் பிள்ளைகளுக்கு, பதினோராம் வகுப்பு முடிவில் வரும் ஓ.எல். சோதினையில் மேலதிகமாக அரை மணித்தியாலம்!

அடுத்த நாள் காலை கேற் வரைக்கும் கியூ. "எங்கட பரம்பரையில அப்பிடி ஒருத்தருமில்லை" என்று மூக்கைச் சுளித்த டொக்டர் குடும்பங்கள், "எங்களுக்குப் பரம்பரையாவே எழுத்து ஆடும்" என்று சத்தியம் செய்தன. மார்க்கெட்டில் கண்டால், "உங்கட மகனுக்கு இன்னும் குறைபாடு எடுக்கேல்லையோ?" றமேஷ் மாஸ்டர் தடுமாறி வாசிக்கப் பழக்கும் டியூஷனே தொடங்கிவிட்டார்.

அறை கொள்ளவில்லை. தகுதி பார்க்க அதிகாரி கனகசபாபதி வந்தார். டியூஷன் பிள்ளைகள் அழகாகத் தடுமாறினார்கள். மிதுனாவோ மட்டையை வைத்துக்கொண்டு, அதிகாரி பற்றிஸும் பிளேன்ரீயும் முடித்து வாய் துடைக்கும்வரை, ஒரேயொரு பந்தியைப் பிழையில்லாமல் வாசித்தாள்.

"குறைபாடு ஒண்டுமில்லை. பேரை வெட்டுங்கோ."

"ஐயா, ரீச்சர் உதவினபடியாத்தானே வாசிக்கிறாள்!" மகளோடு வந்திருந்த சுபோதினி பதறினாள்.

"ஓம். உதவி பலனளித்துவிட்டது. ஆகவே உதவி தேவையற்றதாகிறது."

"பலனளிக்காட்டி?"

"தொடர்ந்து வழங்குவம். அதுதானம்மா கொள்கை."

மட்டையும் அரசாங்கச் சொத்தாம். அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

சுபோதினி மகளை இழுத்துக்கொண்டு நேரே றமேஷ் மாஸ்டரிடம் போனாள். "சேர், இவளுக்கும் தடுமாறப் பழக்கிவிடுங்கோ."

மட்டையில்லாமல் மிதுனா இரண்டு வரி வாசித்தாள். மாஸ்டர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"என்ன இயல்பு! அக்கா, இத்தனை பேருக்குள்ளயும் உங்கட மகள்தான் ஃபேர்ஸ்ட். இவவுக்கு என்ர வகுப்பே தேவையில்லை."

"அப்ப சோதினையில எனக்கு நேரம் தருவினமோ அம்மா?" என்று கேட்டாள் மிதுனா.

சுபோதினி கையைக் காட்டி அடக்கினாள். போனில் கனடாவிலிருந்து அவளுடைய பெரியக்கா லைனுக்கு வந்துவிட்டா.

"அக்கா, கேட்டியளே? மிதுனா டியூஷனில ஃபேர்ஸ்ட்!"