மாமியார் பெயரில் நான் பிடித்த மீன்

எக்செல் தெரிந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது நிம்மதியாக ஒரு காரியம் செய்துகொண்டிருந்தால் பொறுக்காது. இதையே வேறு மாதிரி செய்தால் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டு, கேட்காதவரிடம் போய்ச் சொன்னால்தான் தூக்கம் வரும். அந்த வியாதி எனக்கு முற்றியிருந்த நேரத்தில்தான் கல்யாணம் ஆனது.

நான் தூத்துக்குடிக்காரி. குர்காவ்னில் ஒரு கம்பெனியில் செலவுக் கணக்குகளை அலசும் வேலை (அலசும் லட்சணத்தை இதோ பார்க்கத்தான் போகிறீர்கள்). காதலித்துக் கட்டிக்கொண்டது சங்கரனை. மத்திய அரசு உத்தியோகம், டெல்லி ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ், கூடவே அவன் அம்மா. அத்தை திருநெல்வேலிப் பக்கத்துச் சைவம். ஏதோ ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். முட்டை போட்ட கேக் வாங்கி வந்தால் டப்பாவோடு பால்கனிக்கு அனுப்பிவிடுவார். மீன் குழம்பில் வளர்ந்த ஒருத்தி மருமகளாக வந்ததைப் பற்றி வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பங்கரைக்குள் மட்டும் என்னை விடவில்லை. "நீ உக்காரு, நான் பாத்துக்கிடுதேன்" என்று மரியாதையாகத் தடுத்துவிடுவார். எப்படியாவது நல்ல பெயர் வாங்கி அந்த வாசலைத் தாண்டிவிட வேண்டும் என்பதுதான் அப்போது என் ஒரே லட்சியம்.

அத்தைக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு, ஹாலில் இருந்த பழைய லேப்டாப்பில், பிரவுசரில் ஆடும் ஒரு கிராமத்து விளையாட்டு. தினமும் கொஞ்சம் தெம்பு தருவார்கள். அதைச் செலவழித்துப் பூப் பறிக்கலாம், மரம் வெட்டலாம், கல் உடைக்கலாம், மீன் பிடிக்கலாம். கிடைத்ததைச் சந்தையில் விற்றால் காசு; நிஜக் காசு இல்லை, திரையில் சுற்றும் காசு. பக்கத்து முருகன் கோயிலான மலை மந்திருக்கு வரும் மாமிகள் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்து ஆடினார்கள். அதில் கமலா மாமி தன் கிராமத்தில் ஒரு மயில் வாங்கி நிறுத்திவிட்டார். கந்த சஷ்டி முடிவதற்குள் தானும் ஒரு மயில் வாங்கியே தீருவது என்று அத்தை வைராக்கியமாக இருந்தார். ஆனால் செய்ததென்னவோ செவ்வந்திப்பூ பறிப்பது மட்டும்.

என் வியாதி சும்மா இருக்குமா? ஒரு தெம்புக்குப் பூ மூன்று காசு, மரம் நான்கு, கல் ஐந்து. மீன் பதினொன்று. பதினொன்றைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. அத்தையிடம் பக்குவமாகத்தான் ஆரம்பித்தேன். மீன் என்ற சொல் வந்ததும் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். "வெளையாட்டுன்னாலும் உசுரு உசுருதான்" என்றார். பேச்சு அங்கே முடிந்தது. நான்தான் முடிக்கவில்லை.

சூரசம்ஹாரத்தன்று அத்தை விரதத்தோடு கோயிலுக்குப் போனார். லேப்டாப் திறந்தபடி கிடந்தது. சேர்த்து வைத்திருந்த தெம்பு நிறைய இருந்தது. என் திட்டம் சுத்தமானது: மீனைப் பிடித்து, பிடித்த மீனையெல்லாம் விற்று, காசை மட்டும் விட்டுவைப்பது. ஒரு செதில்கூட மிஞ்சக் கூடாது. அத்தை வந்து பார்த்து, முருகனே பூ விலையை ஏற்றிவிட்டான் என்று நினைத்துக்கொள்வார். தூண்டில் சாமான் வாங்கவா என்று விளையாட்டு முதலில் ஒரு தடவை கேட்டது. ஜல்தியில் சரி என்று தட்டிவிட்டேன். அப்புறம் அது கேட்கவே இல்லை. மத்தியானம் வரை பிடித்தேன். திடீரென்று மேளம் முழங்கி, அத்தையின் பெயருக்குப் பக்கத்தில் 'மீன்பிடி அரசி' என்று ஒரு பட்டமும் மீன் படமும் வந்து உட்கார்ந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. குழுவில் யாருக்காவது பட்டம் கிடைத்தால் மற்ற எல்லோருடைய போனுக்கும் தகவல் போகும் என்பது எனக்குத் தெரியாது.

அத்தை நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். பின்னாலேயே கமலா மாமி, கையில் போனோடு. "ஏம்மா, சஷ்டியும் அதுவுமா உன் மாமியாருக்கு இந்தப் பட்டத்தை யார் வாங்கிக் கொடுத்தா?" என்று கேட்டார். சங்கரன் மெல்ல பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான் (கட்டிக்கொண்டவன் கைவிடும் வேகத்தைப் பாருங்கள்).

நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அத்தை கத்தவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார்.

"மீனு என்ன வெலைக்குப் போச்சு?"

"பதினொண்ணு அத்தை." குரலில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

"புழு?"

"எந்தப் புழு?"

"தூண்டில்ல என்னத்தக் குத்தினே, குங்குமத்தையா?"

பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். புழு ஒன்று ஒன்பது காசு; நான் ஒரு தடவை தட்டிய 'சரி'யை வைத்து ஒவ்வொரு வீச்சுக்கும் அதுவே வாங்கியிருக்கிறது. மூன்று புழுவில் ஒன்றைத் தின்றுவிட்டு மீன் ஓடிப்போயிருந்தது. நான் பிடிக்கப் பிடிக்க அத்தையின் சேமிப்பு கரைந்திருக்கிறது. காலையில் எவ்வளவு இருந்தது என்றுகூட நான் பார்க்கவில்லை. மயில் எட்டாத தூரத்துக்குப் பறந்துவிட்டது. செலவுக் கணக்கு அலசுவதற்கு எனக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறவர்களை நினைத்துப் பாவமாக இருந்தது.

அத்தை லேப்டாப்பை மூடினார். "மீன் பிடிச்ச பாவத்த முருகன்ட்ட சொல்லி அழுதுக்கிடலாம். இந்த நட்டத்த யார்ட்டப் போய்ச் சொல்ல?"

அன்றைக்கு முழுக்க நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. அவமானத்தில் அழுகையும் வந்தது. மறுநாள் காலை, விரதம் முடித்த அத்தை அடுப்பங்கரையிலிருந்து கூப்பிட்டார். நான் வழக்கம்போல் வாசலிலேயே நின்றேன்.

"உள்ள வந்து புளியைக் கரை. ஒனக்குக் கணக்கு வராதுன்னு தெரிஞ்சுபோச்சு, சமையலாவது வருதான்னு பாப்போம்."

நல்ல பெயர் வாங்கி நுழைய முடியாத இடத்துக்குள் மானம் போனதும் நுழைந்துவிட்டேன். சந்தோஷத்தில் புளியை ரொம்பக் கெட்டியாகக் கரைத்துவிட்டேன்.

அத்தை அப்புறம் பூப் பறித்தே மயில் வாங்கினார். அந்தப் பட்டத்தை நீக்க மட்டும் விளையாட்டில் வழியில்லை. இன்றைக்கும் மீன்பிடி அரசிதான். போன மாதம் எனக்குச் சம்பளம் ஏறியது. ஓடி வந்து மூச்சிரைக்கச் சொன்னேன். அத்தை அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார், திரும்பக்கூட இல்லை.

"அச்சா. புழு போக எவ்வளவு?"