காஞ்ச டம்ளர் சார்

ஜவ்வாது மலையில் மழையைத் திட்டிய ஒரே மனிதர் அவர்தான். நாங்கள் சாமை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் கிடப்போம். முதல் தூறலுக்கு ஊரே வெளியே வந்து நிற்கும். அவர் மட்டும் மேகத்தை முறைத்து, "வந்துட்டியா, கெடுக்கறதுக்கு" என்பார்.

பெயர் சொன்னார். யாருக்கும் மனதில் நிற்கவில்லை. காஞ்ச டம்ளர் சார் என்றால்தான் ஆலங்காயம் வரை தெரியும்.

நெல்லிவாசல் போகிற வழியில், ரோடு திரும்பும் இடத்தில் எனக்கு டீக்கடை. நானும் என் மனைவி மல்லிகாவும் பார்த்துக்கொள்கிறோம். சார் பட்டணத்தில் ஆராய்ச்சி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மணலில் சிலிக்கான் என்று ஒன்று இருக்கிறதாம். அதைக் கரியோடு கோத்து, உலகத்தில் இல்லாத பொருளைச் செய்வதுதான் வேலை. சாமை உமியை எரித்தால் சாம்பலிலும் அது வருமாம். அதற்காக மலை ஏறி வந்து, கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையை வாடகைக்கு எடுத்தார். மாடு இல்லாத மனுஷன் வீடு வீடாக உமி கேட்டதில், எதற்கு என்று புரியாமல் ஊருக்குக் கொஞ்ச நாள் தூக்கம் இல்லை.

அவர் தொழிலுக்குத் தண்ணீர் ஆகாது. குடுவையில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் மாசக்கணக்கான வேலை புகைந்து வீணாகுமாம். அதனால் எந்தப் பாத்திரத்தையும் தீயில் காட்டாமல் தொடமாட்டார். டீ டம்ளரையும்தான். கழுவி, உதறி, கைக்குட்டையால் துடைத்து, அடுப்பில் காட்டி, ஆறவைத்து, அப்புறம்தான் டீ. அதற்குள் ஒரு பஸ் வந்து போய்விடும்.

ஜீப் ஓட்டும் சங்கர் ஒரு நாள் கேட்டுவிட்டான்.

"சார், டீயே தண்ணிதான? டம்ளர் காஞ்சி இன்னா ஆவப்போவுது?"

சார் டம்ளரை அடுப்பில் இன்னொரு தரம் திருப்பிக் காட்டினார்.

"தெரியும்ப்பா. கை கேக்க மாட்டேங்குது."

ஒரு கல்யாணத்துக்கு அழைத்துப் போனேன். இலை போட்டார்கள். எல்லோரும் தண்ணீர் தெளித்தோம். சார் துண்டை எடுத்து இலையை ஈரம் போகத் துடைத்தார். பெண் வீட்டார் முகம் மாறியது. எங்க வூட்டுத் தண்ணி ஆகாதா என்று ஒரு பெரியவர் எழுந்தே விட்டார். நான் சொன்ன விளக்கம் யாருக்கும் புரியவில்லை. சார் ஒரு சொம்புத் தண்ணீரை வாங்கி, எல்லோர் முன்னாலும் மூச்சு விடாமல் குடித்தார். இன்னொன்று கேட்டு அதையும் குடித்தார். சோற்றுக்கு வயிற்றில் இடம் இல்லை.

கொட்டகையில் அவர் தேடியது படிகம். கல்கண்டு மாதிரி தெளிவாக நிற்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதைத்தான் தேடினாராம். வந்ததெல்லாம் பிசின். மலைக்கு வந்தும் பிசின்தான். பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பார், ஒரு பெருமூச்சு, ஓரமாக வைத்துவிடுவார். ஒன்றைச் சங்கர் கேட்டு வாங்கி, ஜீப் கூரை ஓட்டையில் பூசினான். அந்த மழைக்கு ஒழுகவில்லை. அன்றிலிருந்து சார் எதையும் செய்வார் என்று ஊர் நம்பியது.

பிறகு ஒரு நாள் காலை. சாருக்கு வேலை மிச்சம் என்று மல்லிகாவே அவர் டம்ளரை இடுக்கியால் பிடித்து அடுப்பில் காட்டிக்கொண்டிருந்தாள். முழங்கை பால் சட்டியில் இடித்தது. கொதித்த பால் வலது கையில் கவிழ்ந்தது.

சங்கர் ஜீப்பில் அவளை ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். புண் ஆறியது. ஆனால் தோல் தடித்து இழுத்துக்கொண்டது. விரல்கள் பாதியில் நின்றன. டம்ளர் பிடிக்க முடியவில்லை. இப்படியே விட்டால் கை மடங்காமல் போகலாம் என்றார் டாக்டர்.

சார் டீயை விட்டார். பெஞ்சில் வந்து உட்காருவார், குடிக்கமாட்டார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"அந்தக் கையில டம்ளர் நிக்கட்டும். அப்புறம் குடிக்கிறேன்" என்றார்.

ஒரு நாள் டாக்டரைப் போய்ப் பார்த்துப் பேசினார். அங்கிருந்து வேலூர் போய்விட்டு வந்தார். கையில் மெல்லிய தகடு, நுங்கு மாதிரி. வடுவின் மேல் ஒட்டி வைக்க வேண்டும். தினமும் எடுத்துக் கழுவி, காயவைத்து, மறுபடி ஒட்ட வேண்டும். காயவைக்கிற வேலையை அவர் யாருக்கும் தரவில்லை. தகட்டைத் தட்டில் வைத்து ஈ மொய்க்காமல் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மல்லிகா அந்த நேரத்தில் களி உருண்டையைப் பிசைந்து விரலுக்குப் பயிற்சி செய்வாள். வலிக்கும்போது அவரைத்தான் வம்புக்கு இழுப்பாள்.

"இந்த வெரலும் ஒங்க பிசின் மாதிரிதான் சார். சொன்னா கேக்காது."

மாசங்கள் போயின. தடிப்பு அடங்கியது. விரல் ஒவ்வொன்றாக மடங்கியது. சார் கண்டுபிடித்த மருந்து என்று ஊர் முழுக்கப் பேச்சு. அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"நான் பண்ணலப்பா. மெடிக்கல்ல வாங்குனேன்."

யாரும் நம்பவில்லை. நானும்தான். பிறகு என்னிடம் மட்டும் தகட்டைக் காட்டிச் சொன்னார்.

"இதும் சிலிக்கான்ல வந்ததுதான், என் பிசின் குடும்பம். நான் படிகம் இல்லன்னு தூக்கிப் போட்டேன். வேற யாரோ தூக்கிப் போடாம, எதுக்கு ஆகும்னு பாத்திருக்காங்க."

அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று திரும்பினேன். அவர் மல்லிகாவின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுதல் தேவைப்படுகிற முகமாகத் தெரியவில்லை.

ஒரு தூறல் காலையில் மல்லிகா என்னை அடுப்பிலிருந்து தள்ளிவிட்டாள். வலது கையாலேயே டம்ளரைக் கழுவினாள். டீ ஊற்றினாள். பெஞ்சுக்கு எடுத்துப் போனாள். சுண்டு விரல் மட்டும் முழுசாக மடங்காமல் வெளியே நின்றது. டம்ளரில் தண்ணீர் சொட்டியது.

"குடிங்க சார்."

சாரின் கை கைக்குட்டைக்குப் போனது. கடையே பார்த்தது. சங்கர் பீடியை வாயிலிருந்து எடுத்தான். கை பாதி வழியில் நின்று, திரும்பி வந்து டம்ளரை வாங்கியது. ஈரத்தோடு குடித்தார். ஒரு சொட்டு வைக்கவில்லை. வெளியே மழை வலுத்தது. அன்று அதைத் திட்டவில்லை.

இப்போது பட்டணத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். முழங்கால் மலை ஏற விடவில்லை.

மல்லிகா காலையில் கடை திறந்ததும் ஒரு டம்ளரைக் கழுவி, துடைத்து, அடுப்போரம் கவிழ்த்து வைக்கிறாள். எவ்வளவு கூட்டம் வந்தாலும் அதில் மட்டும் யாருக்கும் டீ ஊற்றுவதில்லை.