பீப்பா அண்ணையின் ரிசேர்வ் போர்ட்

தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் வாழ்ந்த தமிழர்களுக்குள், அடுத்தவனின் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே பிறந்தவர் ஒருவர் உண்டென்றால் அது பீப்பா அண்ணைதான். கனடாக் குளிர் என்னைச் சோதித்தது. ஃபோர்மன் சோதித்தான். குடிவரவுக்காரர்கள் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டுச் சோதித்தார்கள். எல்லாவற்றையும் தாங்கினேன். பீப்பா அண்ணை எங்கள் பேஸ்மென்டில் இருந்த நாலு வருடத்தில்தான் என் முன்மண்டை மயிர் கொட்டியது. வைத்தியர் அது பரம்பரை என்கிறார். எனக்குக் காரணம் தெரியும்.

மோர்னிங்சைட்டில் நாங்கள் வீடு வாங்கிய புதிதில் பேஸ்மென்டுக்கு ஆள் தேடினோம். "தனி ஆள், சேர்ச்சுக்குப் போறவர், குடிக்கமாட்டார்" என்று சொல்லி ஒருவரை அனுப்பினார்கள். மூன்றும் உண்மைதான். ஐம்பதை எட்டிப்பிடிக்கும் வயது, ஒரு சூட்கேஸ், ஓர் அந்தோனியார் படம். கூடவே தோளில் ஒரு மரப்பீப்பா. முப்பது லீற்றர் கொள்ளும்.

"குடிக்காத ஆளுக்கு என்னத்துக்கு அண்ணை பீப்பா?"

"குடிக்கிறதுக்கில்லைத் தம்பி. செய்யிறதுக்கு."

அன்றைக்கே கதவைச் சாத்தியிருக்க வேண்டும். என் மனைவி வசந்தி "பாவம், வந்த மனுசனுக்குத் தேத்தண்ணி குடுப்பம்" என்றாள். ஒரு தேத்தண்ணியோடு நாலு வருடம் ஓடிவிட்டது.

அண்ணை மன்னார்ப் பக்கம். மனைவியும் மகளும் ஊரில். அவர் வேலை செய்த கதிரைத் தொழிற்சாலையில் பக்கத்து மெஷினில் நின்றவர் ஒரு போர்த்துக்கல்காரர். அவரிடம்தான் போர்ட் வைன் செய்யும் முறையைக் கறந்திருந்தார். மற்ற வைனெல்லாம் பழச்சாற்றிலுள்ள சீனி முழுதும் நொதித்து முடியும்வரை பொங்கும். போர்ட்டை அப்படி விடக்கூடாது. சீனி பாதியாக இறங்கும் நேரம் பார்த்துப் பிராண்டியை ஊற்றினால் பொங்கல் அப்படியே நின்றுவிடும். மிச்சச் சீனி வைனிலேயே தங்கும், வெறியும் ஏறும். பிறகு மரத்தில் வைத்து ஊறவிடுவது. "சும்மா சிவப்புப் போர்ட் ரெண்டு வருசத்திலை போத்தலுக்கு வந்திடும். நல்ல பழத்திலை செய்து, இன்னும் கூட வருசம் மரத்திலை வைச்சால்தான் ரிசேர்வ். நான் செய்யிறது ரிசேர்வ்," என்பார். செய்ய முதலே ரிசேர்வ்!

"உந்தாள் ஏன் அண்ணை உங்களுக்குத் தொழில் ரகசியத்தைச் சொல்லுறான்?" என்று கேட்டேன்.

"போர்த்துக்கீசர் எங்கடை யாழ்ப்பாணத்தையே பிடிச்சவங்கள். பதிலுக்கு ஒரு செய்முறையாவது தரட்டுமன்."

முதல் வேலை பிராண்டி சேர்ப்பது. பதினாலு போத்தல் வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தார். ஊரிலிருந்து யார் வந்தாலும் விமான நிலையத்துக்குத் தன்னுடைய ஓட்டை வான் வண்டியைக் கொண்டுபோவார். இறங்குகிறவர் வாசலிலேயே டியூட்டி ஃப்ரீ பிராண்டி ஒன்று கொடுத்தால்தான் வானின் கதவு திறக்கும். விஸ்கி கொண்டுவந்தவர்களுக்கு அரைமணி நேரப் பிரசங்கம். "விஸ்கி தானியத்திலை செய்யிறது. பிராண்டி முந்திரிகைப்பழத்தின்ரை பிள்ளை. தாயோடை பிள்ளைதான் சேரும்." ஆறு வருடம் கழித்துப் பெண்சாதியைப் பார்க்க வந்த ஒருவர், விஸ்கியைக் கொண்டுவந்த பாவத்துக்கு டாக்ஸியில் போனார்.

புரட்டாதியில் கலிபோர்னியாத் திராட்சைப்பழம் வந்து இறங்கியது. மூன்று பெட்டி, கறுப்பாய், சின்னச் சின்னதாய். மெஷினில் நசித்தால் கொட்டை உடைந்து கசக்குமாம், ஆகையால் காலால்தான் மிதிக்க வேண்டுமாம். எங்கே மிதிப்பது? எங்கள் பாத் டப்பில்! தன் பாதம் இரண்டும் தட்டை, அது போதாது என்று என்னையும் பிடித்துத் தொட்டிக்குள் இறக்கினார். சாரம் கட்டிய நாங்கள் இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் மிதித்தோம். வசந்தி வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அவள் பேசாமல் போனால் எனக்குப் பயம்.

அடுத்த நாள் நவராத்திரி. கோயிலில் செருப்பைக் கழற்றினேன், முழங்காலுக்குக் கீழே முழுக்க ஊதா. எத்தனை சோப் போட்டும் போகவில்லை. பக்கத்தில் இருந்த அன்ரி ஒருவர் என் காலையே பார்த்தார். "தம்பி, சீனி வருத்தமோ? உடன டொக்டரிட்டைக் காட்டுங்கோ. எங்கடை இவருக்கும் உப்பிடித்தான் தொடங்கினது." அவருடைய கணவரின் கால்விரலை வெட்டியெடுத்த கதையைத் தேவாரம் முடியும்வரை கேட்டேன். பேஸ்மென்டில் பீப்பா அண்ணை அந்நேரம் கண்ணாடிக் குழாயொன்றைச் சாற்றுக்குள் மிதக்கவிட்டுச் சீனி பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் நான் வேலையில் நிற்கிறேன். வசந்திக்கு எட்டு மாதம். ஃபோர்மன் ஓடிவந்து, வீட்டிலிருந்து அவசரமாம், ஃபோனுக்குப் போ என்றான். மெஷினை நிற்பாட்டி, கால் பின்ன ஓடினேன்.

"தம்பி! சீனி பாதிக்கு இறங்கிட்டுது!"

"அண்ணை, வசந்தி?"

"பிள்ளை டொக்டரிட்டைப் போயிட்டா, சுகமாய் இருக்கிறா. பிராண்டி ஒரு போத்தல் குறையுது. கொண்டுவாற பெடியன்ரை பிளேன் பிந்திப்போச்சு. இண்டைக்கு ஊத்தாட்டில் சீனி முழுக்கச் செத்துப்போடும். என்ன செய்ய?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "என்னவோ செய்து துலையுங்கோ!" என்று கத்திவிட்டு ஃபோனை அடித்து வைத்தேன். நான் ஏசியதை அந்த மனுசன் அனுமதி என்று எடுத்துக்கொண்டார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தால் பேஸ்மென்ட் படியில் தலையில் கைவைத்துக் குந்தியிருக்கிறார். மடியில் எங்கள் குசினி அலுமாரியிலிருந்த கொன்யாக் போத்தல், வெறுமையாக.

"தம்பி, உங்கடை வீட்டுக் கொன்யாக்கிலை எள்ளு மணக்குது."

அது கொன்யாக்கே இல்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வசந்தி முழுகுவதற்கென்று அம்மா ஊரில் ஆட்டி, அகப்பட்ட வெளிநாட்டுப் போத்தலில் அடைத்து, ஆள் கைமாறி ஆள் கைமாறி அனுப்பிய நல்லெண்ணெய். எங்கடை சனம் பிராண்டிப் போத்தலில் பிராண்டியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அனுப்பும் என்பது அண்ணைக்குத் தெரியாதா? தெரியும். அவசரத்தில் மறந்துவிட்டார். ஊற்றும்போது வலு ஆறுதலாக வழிந்ததாம். பழைய சரக்கு, அதுதான் தடிப்பு என்று நினைத்தாராம்.

வசந்தி அழுதாள். நான் ஏசினேன். எனக்குத் தெரிந்த அத்தனையையும் ஏசினேன், சில சொற்கள் எனக்கே புதிது. அண்ணை அடுத்த நாள் தமிழ்க் கடையில் மூன்று போத்தல் நல்லெண்ணெய் வாங்கி வந்து வாசலில் வைத்துவிட்டு, கண்ணைக் காட்டாமல் இறங்கிப் போனார்.

வைனை ஊற்றிக் கழுவிவிடுவார் என்று நினைத்தேன். எங்கே? போர்த்துக்கல்காரர் விழுந்து விழுந்து சிரித்தாராம். பிறகு, அந்தக் காலத்தில் காற்றுப் படாமல் இருக்க வைனுக்கு மேல் எண்ணெய் விடுகிறவர்களும் உண்டு, அசைக்காமல் வை, மேலேயே மிதக்கும், அடியில் குழாய் பூட்டி எடுக்கலாம் என்றாராம். அசைக்காமல்! அந்த ஒரு சொல்லில் எங்கள் குடும்பத்துக்குச் சனி பிடித்தது.

பீப்பாவுக்குப் பக்கத்தில்தான் எங்கள் வொஷிங் மெஷின். அது கடைசியில் உடுப்புப் பிழியச் சுற்றும்போது நிலம் அதிரும். ஆகவே பிழியக்கூடாது. பிள்ளை பிறந்து, நாளுக்கு இரண்டு கூடை உடுப்புச் சேர்கிறது, எல்லாம் தண்ணி சொட்டச் சொட்ட வெளியே வரும். நான் கையால் பிழிவேன். மேலே பிள்ளை துள்ளக்கூடாது, துள்ளினால் கீழேயிருந்து விளக்குமாற்றுக் கட்டையால் தட்டுவார். சூடு கூடாது என்று பேஸ்மென்ட் ஹீட்டரை மாசி மாதத்தில் நிற்பாட்டிவிட்டு, தான் இரண்டு ஜக்கெட்டோடு படுப்பார். இவ்வளவுக்கும் எனக்கு ஒரு சொட்டு ருசி பார்க்கத் தரவில்லை. என் காலால் மிதித்த வைன்! மாத முதல் வெள்ளியில், பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்து, தான் மட்டும் அடிக்குழாயில் ஒரு தேக்கரண்டி பிடித்து வாயில் விட்டுக் கண்ணை மூடுவார்.

"எப்பிடி அண்ணை?"

"காணாது தம்பி. இன்னும் கிடக்கட்டும்."

இரண்டாம் குளிர்காலத்தில் ஒரு நாள், என் கை பிழிந்து பிழிந்து தோல் வெடித்து இரத்தம் கசிந்தது. போதும் என்று கீழே இறங்கினேன். "அண்ணை, ஒண்டில் பீப்பா, இல்லாட்டி நாங்கள். இண்டைக்கு ரெண்டிலை ஒண்டு" என்று பீப்பாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் போனேன்.

அவர் தடுக்கவில்லை. கட்டிலில் இருந்தபடியே சொன்னார். "மகள் ஜெனியை விட்டிட்டு வரேக்கை அவளுக்குப் பதினொரு வயசு தம்பி. சேர்ச்சிலை புதுநன்மை எடுக்கேக்கை நான் கொழும்பிலை, பயணத்துக்கு அலைஞ்சு கொண்டு நிண்டனான். பெரியபிள்ளையானதைக் காயிதத்திலை படிச்சன். சோதினை பாஸ் பண்ணினதும் காயிதத்திலைதான். கலியாணமாவது என்ரை கண்ணுக்கு முன்னாலை நடக்கவேணும். கேக்கோடை அவளின்ரை கையிலை குடுக்கிற வைன் என்ரை கையாலை செய்ததாய் இருக்கவேணும். வேறை ஒண்டும் நான் அவளுக்குச் செய்யேல்லை."

கத்தோலிக்கக் கலியாணத்தில் கேக் துண்டோடு ஒரு சின்னக் கிளாஸ் வைன் வந்தவர்கள் எல்லோருக்கும் போகும். எனக்கு அது தெரியும். அதற்காகத்தான் இவ்வளவும் என்பதை மனுசன் இரண்டு வருடமாக வாய்விட்டுச் சொல்லவே இல்லை. பீப்பாவை விட்டேன். மேலே போய் மிச்ச உடுப்பைப் பிழிந்தேன். பிழியும்போது அவரை ஏசிக்கொண்டேதான் பிழிந்தேன்.

மூன்றாம் வருடம் மனைவி பிலோமினா அக்காவும் ஜெனியும் வந்து சேர்ந்தார்கள். நாலாம் வருடம் ஜெனிக்கு விட்பியில் மாப்பிள்ளை பொருந்தியது. மாப்பிள்ளையின் தகப்பன் பீப்பாவைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "வீட்டிலை செய்தது சனத்துக்கு ஒத்துக்கொள்ளாட்டில் எங்களுக்கெல்லோ வெக்கம்? கடையிலை வாங்குவம்." அண்ணை முதல் முறையாகப் பயந்ததை அன்று பார்த்தேன். எண்ணெய்க் கதை எங்கள் மூவருக்கும் அந்தப் போர்த்துக்கல்காரருக்கும்தான் தெரியும். பிலோமினா அக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை. "தம்பி, என்ரை நாக்குக்குப் பழகிப்போச்சு, சனத்துக்கு மணந்தால் என்ன செய்யிறது?" என்று என்னைத் தனியே பிடித்துக் கேட்டார். நாலு வருடமாக என்னைக் கேட்காமல் எல்லாம் செய்தவர், அன்றைக்கு என்னைக் கேட்டார். "மணக்காது அண்ணை," என்று எந்த ஆதாரமும் இல்லாமல் சொன்னேன்.

கலியாணத்துக்கு முதல் சனிக்கிழமை அடிக்குழாயைத் திறந்தார். கறுப்புக்குக் கிட்டிய சிவப்பில் இறங்கியது. முகர்ந்தார், நானும் முகர்ந்தேன். எள்ளு இல்லை. முப்பத்திரண்டு போத்தல் நிரம்பியதும், வருகிற தாரையில் எண்ணெய் மினுங்கியது. சட்டென்று குழாயைப் பூட்டினார்.

"அண்ணை, இப்பவாவது ஒரு சொட்டு?"

"பிள்ளையின்ரை கை படமுதல் ஒருத்தருக்கும் இல்லை."

கலியாணத்தன்று என்னைக் கார் நிறுத்தும் இடத்துக்குப் பொறுப்பாகப் போட்டுவிட்டார்கள். நானூறு பேரை அழைத்தால் ஐந்நூறு பேர் வருகிற ஊர் இது. கடைசிக் காரை ஒதுக்கிவிட்டு நான் மண்டபத்துக்குள் போனபோது முப்பத்திரண்டு போத்தலும் வெறுமை. விட்பிச் சம்பந்தி உதட்டை நக்கிக்கொண்டு நின்றார். "உண்மையைச் சொல்லுங்கோ, உது எந்தக் கடை?"

"கடையில்லை. என்ரை கால். இந்தத் தம்பியின்ரை காலும்," என்று என்னைக் காட்டினார் அண்ணை. சம்பந்தி என் சப்பாத்தைப் பார்த்தார், கிளாஸைப் பார்த்தார், பிறகு மிச்சத்தையும் குடித்தார்.

ஜெனி ஒரு வாய் குடித்துவிட்டுத் தகப்பனின் தோளில் முகத்தைப் புதைத்தாளாம். அதை நான் பார்க்கவில்லை, வசந்திதான் சொன்னாள். அவருடைய வெள்ளைச் சட்டைத் தோளில் கண்மை ஒட்டியிருந்ததை மட்டும் பார்த்தேன். அதோடேயே மனுசன் இரவு முழுக்கத் திரிந்தார்.

அடுத்த நாள் மத்தியானம் கதவைத் தட்டினார். கையில் ஒரு கிளாஸ்.

"நீ குடிக்கேல்லையெண்டு வசந்திப் பிள்ளை சொன்னவ. எனக்கு ராத்திரி நித்திரை இல்லை. பீப்பாவைச் சரிச்சு வடிச்சனான். இவ்வளவுதான் கிடந்தது."

பார்த்தேன். அடியில் இரண்டு விரல் வைன், அதற்கு மேல் ஒரு விரல் நல்லெண்ணெய். அவர் கண் என் முகத்திலேயே நிற்கிறது. ஒரே மூச்சில் விழுங்கினேன். முதலில் எண்ணெய் தொண்டையில் வழுக்கியது. பின்னால் வைன் வந்தது. இனிப்பும் சூடும் எண்ணெய்க் கொழுப்புமாக ஏதோ ஒன்று வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தது.

"எப்பிடித் தம்பி?"

"அருமை அண்ணை."

முகம் பூத்துக் கீழே இறங்கிப் போனார். இரண்டு நாள் என் வயிறு என் சொல் கேட்கவில்லை. அவர் இன்னொரு கிளாஸ் கொண்டுவந்திருந்தால், அதையும் குடித்திருப்பேன்.